பாரம் ஏற்றாமல் பார்த்த வண்டி

ஒரு வாகனம் நேராக ஓடுமா என்பதைச் சொல்ல எங்கள் கந்தோர்ப் படிவத்தில் மூன்று வரிகள் இருந்தன. ஹோர்ன் ஒழுங்காகச் சத்தமிடுமா என்பதைச் சொல்ல ஐந்து வரிகள். ஹோர்ன் அடித்தால் எல்லோரும் விலகிவிடுவார்கள் என்று நம்புகிற ஒருவர்தான் அந்தப் படிவத்தை வரைந்திருக்க வேண்டும். அதை வருடக்கணக்கில் நிரப்பியவன் நான். எந்தக் கட்டத்தில் என்ன எழுதவேண்டும் என்பதையும், எதை எழுதினால் ஒருவரும் திரும்பிக் கேட்கமாட்டார்கள் என்பதையும் இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஓய்வூதியம் வாங்குகிறவனுக்கு இப்படிச் சில ஞாபகங்கள் மிஞ்சுகின்றன.

ஐம்பதுகளின் நடுப்பகுதியில் நான் கல்முனையில் வாகனப் பரிசோதகன். வயது இருபத்தேழு. கொழும்பில் படித்துப் பாஸாகி, சொந்தப் பகுதிக்கே உத்தியோகமாகி வந்திருந்தேன். கந்தோர் என்பது ஒரு மேசை, ஓர் அலுமாரி, பின்னால் ஒரு தகரக் கொட்டில், கொட்டிலின் நடுவில் ஆள் இறங்கி நின்று வண்டியின் அடியைப் பார்க்க ஒரு குழி. மேலதிகாரி மட்டக்களப்பில் இருந்தார். அவரை வருடத்துக்கு இருமுறை பார்ப்பேன். அவருடைய கையெழுத்தை வாரத்துக்கு இருமுறை பார்ப்பேன்.

அந்த மீன் பிக்கப்பை முதலில் கொண்டுவந்தவர் அதன் சாரதி. சாய்ந்தமருதுக்காரர், ஐம்பதை நெருங்கியவர், யுத்தகாலத்தில் பட்டாளத்துக்கு லொறி ஓட்டிய கை. எங்கள் வீட்டுக்குப் பின்வளவில் குடியிருந்ததால் தெருவில் கண்டால் என்னைத் ‘தம்பி’ என்பார். கந்தோருக்குள் வந்தால் ‘சேர்’. வண்டியும் பட்டாளம் விட்டுப்போனதுதான். கரைவலையில் பட்ட மீனை ஐஸும் உப்பும் போட்டு அடுக்கி, கல்முனை, பாண்டிருப்பு, மருதமுனை வழியாக மட்டக்களப்புக்குக் கொண்டுபோவது அதன் வேலை.

வருடாந்தச் சான்றுக்காக வந்தவர் சாவியை மேசையில் வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தார்.

“என்ன?” என்றேன்.

“சேர், சுக்கான் சரியில்ல. இடப்பக்கம் இழுக்குது.”

சான்று வாங்க வருகிறவன் தன் வண்டியைப் பற்றித் தானே முறைப்பாடு சொல்வதை நான் அதற்கு முன் கண்டதில்லை. சாதாரணமாக, சில்லு கழன்று உருண்டோடினாலும் அது நேற்றுவரை நன்றாக இருந்தது என்பார்கள்.

“முதலாளிக்கிட்டச் சொன்னீங்களா?”

“சொன்னன். கராஜில மெக்கானிக் பாஸ் எல்லாத்தையும் மாத்திட்டார். முன்சில்லுக்குக் கிங் பின் மாத்தினார். டை ரொட் முனை ரெண்டும் புதுசு. டயரை அங்கிட்டும் இங்கிட்டும் மாத்திப் பாத்தார். இனி மாத்த ட்ரைவர்தான் மிச்சம் எண்டு முதலாளி சொல்றார்.”

வண்டியைப் பார்த்தேன். ஒழுங்காகவே பார்த்தேன், அதில் எனக்கு மனச்சாட்சிக் குத்தல் இல்லை. சுக்கானை மெதுவாக அசைத்து, சில்லு அசையத் தொடங்கும் வரை எவ்வளவு வெறுமையாகச் சுற்றுகிறது என்று அளந்தேன். இரண்டு விரல் அகலம். பழைய வண்டிக்கு அது ஒன்றுமில்லை. முன்னச்சை ஜாக்கியில் தூக்கி, சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டினேன். ஆட்டமில்லை. சோக்குக் கட்டியால் டயரில் கோடு போட்டு, முன்சில்லுகளின் முன்பக்க இடைவெளியையும் பின்பக்க இடைவெளியையும் அளந்தேன், சரியாக இருந்தன. பிரேக்கில் ஒரு சில்லு ஒட்டிக்கொண்டு இழுக்கலாம் என்று நான்கையும் கையால் சுற்றிப் பார்த்தேன். நான்கும் இலேசாகச் சுற்றின. காற்று நான்கிலும் ஒரே அளவு. பிறகு நானே ஏறிக் கடற்கரை வீதிவரை ஓட்டிக்கொண்டு போனேன். நேரான இடத்தில் சுக்கானிலிருந்து கையை எடுத்தேன். வண்டி நூல் பிடித்தாற்போல் போனது.

“ஒரு குறையும் இல்லையே,” என்றேன்.

“இப்ப இருக்காது சேர். மீனில்லையே. ஏத்தினாத்தான் இது வேற வண்டி. ஒருக்கா ஏத்திப் பாருங்க.”

நான் அவருக்குச் சுற்றறிக்கையைச் சொன்னேன். பரிசோதனைக்கு வரும் வாகனம் வெறுமையாக, சுத்தமாக, சமதரையில் நிற்கவேண்டும். பாரம் ஏற்றிய வாகனத்தைப் பரிசோதகர் ஓட்டலாகாது. இலக்கத்தையும் சொன்னேன். அவர் பட்டாளத்தில் இருந்தவர், கட்டளையை மதிக்கத் தெரிந்தவர். தலையாட்டிவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டார். சான்றில் மூன்று வரியிலும் ‘சரி’ என்று எழுதினேன்.

வண்டி சுத்தமாகத்தான் இருந்தது. முதலாளி அதை அனுப்புவதற்கு முன் கிணற்றடியில் நிறுத்தி, தேய்த்துக் கழுவி, மீன் பலகைகளைக் கழற்றி, அடியில் தொங்கிய சாமான்களையும் கழற்றி, மணப்பெண்போல் அனுப்பியிருந்தார். அதிகாரிக்குக் காட்டும் மரியாதை அது. அந்த மரியாதை எனக்குப் பிடித்தும் இருந்தது.

அதன் பிறகு சில மாதங்கள் சாரதியின் முறைப்பாடு ஊரில் பகிடியாக ஓடியது. சந்தைத் தேத்தண்ணிக் கடையில் அவர் நுழைந்தால் யாராவது ‘காக்கா’ என்று அண்ணன் முறை வைத்துத் தொடங்குவார்கள்.

“காக்கா, மட்டக்களப்புக்குப் போகக்குள்ள எந்தப் பக்கம் இழுக்குது?”

“இடப்பக்கம்.”

“அது வயல் பக்கம். திரும்பி வரக்குள்ள?”

“அப்பவும் இடப்பக்கந்தான்.”

“அது கடல் பக்கம். அப்ப வண்டிக்கு ரெண்டு பொண்டாட்டி. வயலுக்க ஒண்டு, கடலுக்க ஒண்டு.”

சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். “பொண்டாட்டி எண்டாலும் பரவாயில்ல மச்சான், ராவைக்குத் தோள்மூட்டுக்கு எண்ணெய் போட ஒருத்தியும் வரமாட்டாளே,” என்பார். வலது தோளைக் கையால் பிடித்துவிட்டுக்கொண்டே சொல்வார். மீன் ஏற்றிய நாட்களில் மட்டக்களப்பு வரைக்கும் சுக்கானை வலப்பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டே போவதால் வந்த வலி அது. நான் அங்கே உட்கார்ந்திருந்தால் என்னைப் பார்க்கமாட்டார். நானும் தேத்தண்ணியைப் பார்ப்பேன்.

ஒரு நாள் பின்னேரம், அஸர் தொழுகை முடிந்த நேரத்தில், பாண்டிருப்பைத் தாண்டி மருதமுனைக்குள் நுழைவதற்கு முன், பாரத்தோடு போன பிக்கப் ஒரு மனிதரை அடித்தது. எதிரே சைக்கிளில் வந்தவர். மருதமுனை நெசவாளி. கேரியரில் நூல்கட்டு வைத்து, தன் பக்கத்து ஓரமாக வந்துகொண்டிருந்தார். வீதிக்குக் குறுக்கே ஒரு மாட்டுக்கன்று ஓடியிருக்கிறது. சாரதி பிரேக்கை மிதித்திருக்கிறார். வண்டி நிற்பதற்குப் பதிலாக வலப்பக்கம் பாய்ந்து, வீதியைக் கடந்து, அந்த மனிதரை வேலியோடு சேர்த்து நசுக்கிவிட்டது. சாரதி இறங்கி அவர் தலையை மடியில் வைத்துக் கலிமா சொல்லிக்கொடுத்திருக்கிறார். இரண்டாவது முறை சொல்லும்போது அந்த மனிதர் உயிர்பிரிந்து மௌத்தாகிவிட்டார்.

மறுநாள் காலை பொலிசிலிருந்து எனக்குக் கடிதம் வந்தது. வண்டியில் இயந்திரக் கோளாறு உண்டா இல்லையா என்று அறிக்கை தரவேண்டும். சாரதியின் தலைவிதி அந்த ஒரு தாளில்தான் இருந்தது. கோளாறு உண்டு என்றால் அது விபத்து. இல்லை என்றால் அது கவனக்குறைவால் விளைந்த மரணம், அதற்கு மறியற் சிறை.

நான் போனபோது பொலிஸ் வளவில் வண்டி நின்றது. மீன் நாறும் என்று பொலிஸ் சாஜன் விபத்தன்றைக்கே எல்லாவற்றையும் இறக்கிக் கழுவித் தள்ளியிருந்தார். அடியில் தொங்கியதையும் அறுத்து எறிந்துவிட்டார்கள் என்பது எனக்குப் பின்னால்தான் தெரியும். முன்பக்கக் காப்புச்சட்டம் நெளிந்திருந்தது. ஒரு விளக்கு இல்லை. வேறு சேதம் இல்லை.

சாஜன் சாரதியை விறாந்தைக்குக் கூட்டிவந்து என் முன்னால் விசாரித்தார்.

“நீ ஊரெல்லாம் என்ன சொல்லித் திரிஞ்ச?”

“இடப்பக்கம் இழுக்குது எண்டு சொன்னன் ஐயா.”

“மனிசன் செத்தது எந்தப் பக்கம்?”

“வலப்பக்கம்.”

“பொய் சொல்றதெண்டாலும் ஒரு பக்கமாச் சொல்லப்படாதா?”

“பொய்யில்ல ஐயா. ஓடக்குள்ள இடப்பக்கம் இழுக்கும். நேத்து முழு வேகத்தில ஒரேயடியாப் பிரேக் போட்டன், மறுபக்கம் பாஞ்சிட்டு. இப்பிடிப் பாயும் எண்டு எனக்கு முன்னமே தெரியா.”

“ஓம், ஓம். நேத்துத்தான் அதுக்கும் தெரிஞ்சிருக்கும்,” என்று சாஜன் என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் இலேசாகச் சிரித்தேன் என்று நினைக்கிறேன். படித்த இருவருக்கிடையே அது ஒரு வழக்கமான மரியாதை.

பரிசோதனையைத் தொடங்கினேன். சுக்கான் ஆட்டம் இரண்டு விரல். டை ரொட், கிங் பின், சுக்கான் பெட்டி எல்லாம் முன்பு பார்த்தபடியே. பிரேக் நான்கு சில்லிலும் சமமாகப் பிடித்தது. பொலிஸ் வளவுக்குள் இரண்டு முறை ஓட்டினேன், பிரேக் போட்டேன், நேராக நின்றது. இடப்பக்கம் இழுத்து வலப்பக்கம் பாயும் கோளாறு ஒன்று புத்தகத்தில் எங்கேயாவது இருக்கிறதா என்று யோசித்தேன். முன்பக்கத்துக் கோளாறுகளில் அப்படி ஒன்று இல்லை. சுக்கான் என்பது முன்பக்கத்துச் சங்கதி என்றுதான் படிவமும் நினைத்தது, நானும் நினைத்தேன்.

நான் எழுதிக்கொண்டிருக்கையில் விறாந்தையிலிருந்து சாரதி கூப்பிட்டார்.

“தம்பி.”

பொலிஸ் நிலையத்தில், சாஜனுக்கு முன்னால், தம்பி. எனக்கு முகம் சுட்டது.

“தம்பி, ஏத்திப் பாருங்க. மீன் வேணாம், கல்லையாவது ஏத்திப் பாருங்க. நான் பக்கத்தில இருந்து காட்டித்தாறன். உங்கட காலப் புடிச்சிக் கேக்கிறன்.”

பொலிஸ் பொறுப்பிலுள்ள வாகனத்தில் பாரம் ஏற்ற எனக்கு அதிகாரம் இல்லை என்று சொன்னேன். அது உண்மை. அதிகாரம் கேட்டு ஒரு கடிதம் எழுதியிருக்கலாம் என்பதும் உண்மை. எழுதினால் பதில் வரக் குறைந்தது இரண்டு வாரம். அதற்குள் சாஜன் என்னைப்பற்றி என்ன நினைப்பார், மேலதிகாரி என்ன நினைப்பார், பின்வளவுக்காரனுக்காகக் கடிதம் எழுதினான் என்று ஊர் என்ன சொல்லும் என்றெல்லாம் ஒரு கணத்தில் ஓடி முடிந்தது. ‘விபத்துக்குக் காரணமாகக்கூடிய இயந்திரக் கோளாறு எதுவும் காணப்படவில்லை’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன். தேதியையும் ஒழுங்காகப் போட்டேன்.

அவரைப் பிணையில் எடுக்க எவரும் முன்வரவில்லை. மௌத்தானவரின் சொந்தக்காரர்கள் சுற்றியுள்ள மூன்று ஊரிலும் இருந்தார்கள். அவர்களுடைய கண்ணில் விழ எவருக்கும் விருப்பமில்லை. வண்டி அவரைவிட அதிர்ஷ்டம் செய்தது. முதலாளி அதை ஒரு வாரத்திலேயே விடுவித்து வேறு சாரதியைப் போட்டுவிட்டார். மீன், வழக்கு முடியும்வரை காத்திருக்காது அல்லவா.

வழக்குக்கு ஒன்பது நாள் இருக்கையில் எனக்கு மட்டக்களப்பில் ஒரு வேலை வந்தது. பஸ் பழுதாகி வரவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கந்தோர் வாசலில் நின்ற என்னைக் கண்டு அந்தப் பிக்கப் நின்றது. புதுச் சாரதி இளைஞன், என்னைக் கண்டால் எழுந்து நிற்கிற வகை. “ஏறுங்க சேர்,” என்றான். ஏறினேன். பின்னால் மீன் நிறைந்திருந்தது. வாடையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

பாண்டிருப்பு வரும்போதே கவனித்தேன். நேரான வீதி, ஆனால் அவனுடைய சுக்கான் நேராக இல்லை. கால்வட்டம் வலப்பக்கம் திரும்பியிருந்தது. அவன் அதை அந்த இடத்திலேயே இறுக்கிப் பிடித்திருந்தான். கையில் நரம்பு புடைத்திருந்தது.

“இழுக்குதா?”

“இல்ல சேர்.”

“கையைக் கொஞ்சம் விடு பார்ப்பம்.”

விட்டான். வண்டி உடனே இடப்பக்கம் வயலை நோக்கிக் கிறுகியது. பிடித்துக்கொண்டான்.

“எவ்வளவு நாளா?”

“வந்த நாளிலயிருந்து சேர். முதலாளிக்கிட்டச் சொல்லாதீங்க. முன்ன இருந்தவர் சொல்லிச் சொல்லித்தானே பேர் கெட்டாரு.”

முன்னும் பின்னும் ஒருவரும் இல்லாத இடம் பார்த்து, மெதுவாகப் போய்ப் பிரேக்கை ஒரேயடியாக அழுத்தச் சொன்னேன். அழுத்தினான். பின்னால் எதுவோ ‘டக்’ என்று இடித்தது. வண்டியின் மூக்கு வலப்பக்கம் துள்ளியது. அந்தச் சிறு வேகத்திலேயே நாங்கள் வீதியின் நடுக்கோட்டைத் தாண்டியிருந்தோம்.

நான் இறங்கினேன். மீன் கட்டும் தங்கூசி நூல் ஒரு துண்டு வண்டியில் கிடந்தது. அதை இடப்பக்க முன்சில்லின் நடுவிலிருந்து பின்சில்லின் நடுவரை இழுத்து முடிச்சுப் போட்டேன். அதே நூலை வலப்பக்கத்தில் பிடித்தேன். சரியாக இருந்தது. அப்போதுதான் அந்த ‘டக்’ ஞாபகம் வந்தது. மறுபடி ஏறி, கொஞ்சத் தூரம் ஓட்டி, பிரேக்கே போடாமல் கியரை விட்டுத் தானாக நிற்கவிடச் சொன்னேன். நின்றது. மறுபடி நூலைப் பிடித்தேன். இடப்பக்கம் ஒரு பெருவிரல் அகலம் குறைந்திருந்தது.

வெள்ளைக் காற்சட்டையோடு மண்ணில் படுத்து அடியில் நகர்ந்தேன். பின்னச்சு வில்லுத்தகடுகளின்மேல் உட்கார்ந்திருக்கும். தகடுகளின் நடுவே ஊடுருவிப்போகும் ஒரு சிறு போல்ட்டின் தலைதான் அச்சை இடம்மாறாமல் பிடித்துவைக்கிறது. இடப்பக்கத்தில் அந்தத் தலை இல்லை. உப்புத்தண்ணீர் தின்று உதிர்த்துவிட்டிருந்தது. அச்சைத் தகட்டோடு கட்டும் கவ்வைகளும் அரித்துத் தளர்ந்திருந்தன. வெறும் வண்டியில் அந்தத் தளர்ந்த பிடியே போதும், அச்சு அசையாது. பாரம் ஏற்றினால் போதாது. ஓடும்போது சில்லின் தள்ளுதலில் அச்சின் இடது முனை முன்னே வழுக்கும். வண்டி இடப்பக்கம் இழுக்கும். சாரதி வலப்பக்கம் சுக்கானைப் பிடித்திருப்பான். பிரேக் போட்டதும் அச்சு தன் இடத்துக்குத் திரும்பப் பாயும், இழுவை மறையும், ஆனால் சுக்கான் இன்னும் வலப்பக்கமே திரும்பியிருக்கும். சாஜன் கேட்டுச் சிரித்த இரண்டு பக்கப் பொய் இதுதான். பரிசோதனைக்கு வருகிற எந்த வண்டியும் பிரேக் போட்டுத்தான் நிற்கிறது. நான் எத்தனை முறை பார்த்தாலும் அச்சு தன் இடத்தில் மரியாதையாக உட்கார்ந்திருக்கும்.

வில்லுத்தகட்டுக்குப் பக்கத்தில் ஒரு மண்ணெண்ணெய்த் தகரம் கம்பியில் தொங்கியது. மேலிருந்து ஒரு குழாய் மீன்தண்ணியை அதற்குள் வடித்தது. தகரம் நிறைந்து தளும்பி, தகட்டின்மேலேயே வழிந்துகொண்டிருந்தது.

மட்டக்களப்பு வேலையை விட்டுவிட்டு, வண்டியை மெதுவாகத் திருப்பச் சொல்லிச் சாய்ந்தமருதுக்குப் போய் முதலாளியைப் பிடித்தேன். நல்ல மனிதர், ஐந்து வேளையும் தொழப் பள்ளிக்குப் போகிறவர்.

“இந்தத் தகரம் என்னத்துக்கு?”

“அதா? மீன்தண்ணி றோட்டில ஒழுகுது, ஒழு செஞ்சு பள்ளிக்குத் தொழப் போற ஆக்கள்ற உடுப்பில தெறிக்குது எண்டு பள்ளி மரைக்கார்மார் வந்து சொன்னாங்க. அது அசுத்தம், நஜீஸா இல்லையா எண்டு லெப்பைமாரும் ரெண்டு பக்கமாக் கதைச்சாங்க. எனக்கென்னத்துக்குத் தம்பி அந்தப் பாவம்? தகரம் கட்டி அதுக்குள்ள வடிய உட்டன். ஒரு துளி றோட்டில விழாது.”

“எவ்வளவு காலமா?”

“நாலஞ்சு வருசமிருக்கும். பொலிசில அறுத்துப் போட்டானுகள், திரும்பப் புதுசு கட்டினன்.”

“எங்கட்ட வரக்குள்ள இது இருக்கல்லையே.”

“உங்கட்ட அனுப்பக்குள்ள கழட்டிருவன். நாறுமே. ஒரு ஒபிசருக்கு முன்னால அதத் தொங்க உட்டா மரியாதையா?”

வண்டியை ஓட்டவேண்டாம் என்றேன். மறுநாள் காலையிலேயே கராஜில் புதுப் போல்ட் போட்டுவிட்டார்கள். அரைமணி நேர வேலை. வண்டி அதன் பிறகு இழுக்கவேயில்லை.

அன்று மாலையே துணை அறிக்கை எழுதினேன். படம் கீறி, அளவு போட்டு, மூன்று பிரதி. என் வாழ்க்கையில் நான் எழுதிய அறிக்கைகளில் அதைவிடத் தெளிவானது இல்லை. ஒழுங்கு என்னவென்றால், ஏற்கெனவே தந்த அறிக்கையை மாற்றும் பரிசோதகர் அதை மேலதிகாரிக்கு அனுப்பவேண்டும். அவர் பொலிசுக்கு அனுப்புவார். பொலிஸ் நீதிமன்றத்துக்குக் கொடுக்கும். அழைப்பாணை இல்லாமல் பரிசோதகர் நீதிமன்றத்தோடு நேரே பேசக்கூடாது. நீதிமன்றம் எங்கள் கந்தோரிலிருந்து பீடி ஒன்று பற்றிமுடியும் தூரத்தில் இருந்தது. என் அறிக்கை மட்டக்களப்புக்குப் போனது.

ஒழுங்கை மீறியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று பலமுறை கணக்குப் போட்டிருக்கிறேன். விளக்கம் கேட்டிருப்பார்கள். சம்பள உயர்வு ஒரு வருடம் தள்ளிப்போயிருக்கும். இவ்வளவுதான். அப்போது இது தெரியாமல் இல்லை. முதல் அறிக்கையில் என் கையெழுத்து இருந்தது. இரண்டாவதும் முதலாவதும் ஒரே மேசையில் பக்கத்தில் பக்கத்தில் கிடப்பதை நான் நின்று பார்க்க வேண்டியிருக்கும். அதற்குத்தான் பயந்தேன். தபால் எனக்குப் பதிலாகப் போகட்டும் என்று விட்டேன்.

வழக்கு நாள் காலை மேசையில் உட்கார்ந்து ஒரு பஸ்ஸின் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். நீதிமன்றத்துச் சனம் ஜன்னலால் தெரிந்தது. சாரதிக்காக வாதாட வந்த பிரக்கிராசி நல்லெண்ணத்தோடு ஒரு புத்தி சொல்லியிருக்கிறார்: பரிசோதகரின் அறிக்கை இவ்வளவு சுத்தமாக இருக்கையில் வழக்காடினால் தண்டனை கூடும், குற்றத்தை ஒப்புக்கொண்டால் குறையும். அவர் ஒப்புக்கொண்டார். ஒரு வருட மறியல். சாரதிப் பத்திரம் இரத்து. பத்துமணிக்கு முன்னமே முடிந்துவிட்டது.

என் துணை அறிக்கை வழக்கு முடிந்த நான்காம் நாள் திரும்பி வந்தது. ஓரத்தில் மேலதிகாரியின் சிவப்பு மை: ‘இக்குறை முதற் பரிசோதனையில் ஏன் அவதானிக்கப்படவில்லை என்பதை விளக்குக.’ விளக்கினேன். மறுபடி போனது. மறுபடி வந்தது, இம்முறை தங்கூசியால் அளப்பது அங்கீகரிக்கப்பட்ட முறையா என்று கேட்டிருந்தார். அதையும் விளக்கினேன். அது பொலிசுக்குப் போய்ச் சேர்ந்த நேரம் மேன்முறையீட்டுக்கான நாட்கள் கடந்துவிட்டன. கோப்பு ஒழுங்காக மூடப்பட்டது. பரிசோதனைக்கு வரும் வாகனத்தின் இருபக்க நீளத்தையும் அளக்கவேண்டும் என்று படிவத்தில் ஒரு வரி சேர்க்கலாமா என்று கேட்டு எழுதினேன். அதற்குப் பதில் வரவில்லை.

தண்டனை முடிந்து வந்தவர் ஒருநாள் கந்தோருக்கு வந்தார். மெலிந்திருந்தார், தாடி முழுதும் வெளுத்திருந்தது. கதிரையைக் காட்டினேன். உட்காரவில்லை.

“சேர், ஏத்திப் பாத்ததாக் கேள்விப்பட்டன்.”

“ஓம்.”

“இழுத்திச்சா?”

“இழுத்தது. பிரேக்குக்கு வலப்பக்கம் பாய்ந்தது. பின்பக்கத்து வில்லுப் போல்ட்.”

“பின்னாலயா?” என்றார். அது அவருக்கு உண்மையிலேயே ஆச்சரியமாக இருந்தது. கொஞ்சநேரம் கையால் காற்றில் எதையோ அளந்து பார்த்தார். ஒரு முனையை முன்னே தள்ளினார், மறுபடி பின்னே கொண்டுவந்தார். பிறகு தலையாட்டினார். “சரிதான். அப்பிடித்தான் வரும்.”

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டித் தடுத்தார்.

“அத உடுங்க. எனக்கொரு வேலை செய்ங்க. மருதமுனைக்குப் போய் அந்த மனிசன்ட பெண்சாதிக்கிட்ட இதச் சொல்லுங்க. மறியல்ல இருந்து மூணுதரம் ஆளனுப்பி மாப்புக் கேட்டன். பொய்க்காரனுக்கு மாப்பு இல்லையெண்டு சொல்லியனுப்பிட்டா. நான் சொன்னா நம்பமாட்டா. நீங்க படிச்ச ஆள், எழுதின ஆள். நீங்க சொன்னா நம்புவா.”

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு போனேன். இதற்கு ஒரு ஒழுங்கும் எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை. வீட்டு வாசலில் மௌத்தானவரின் மனைவியுடைய ராத்தா, அவளுக்கு மூத்தவள், நின்று விசாரித்து உள்ளே போய்ச் சொன்னாள். எனக்கு முன்கூடத்தில் கதிரை போட்டார்கள். அவள் அறைத் திரைக்குப் பின்னால் இருந்தாள். திரையின் அடியில் பாய் விளிம்பு மட்டும் தெரிந்தது.

சொன்னேன். வில்லுத்தகடு, போல்ட், பாரம், பிரேக் எல்லாவற்றையும் அவளுக்கு விளங்கக்கூடிய சொற்களில் சொன்னேன். நெசவு வீட்டுப் பெண் அவள். தறியில் ஓர் ஆணி விட்டுப்போனால் முழுப் புடவையும் ஒருபக்கம் சாய்வதுபோல் என்றபோது “ஓம்” என்றாள். ஓடும்போது ஒரு பக்கம், நிறுத்தும்போது மறுபக்கம் என்பதை இரண்டு முறை சொல்லவேண்டியிருந்தது. அவர் சொன்னது ஒன்றும் பொய்யில்லை என்று முடித்தேன்.

அவள் கேட்டாள்.

“அவர்ர தலைய மடியில வெச்சிக் கலிமா சொன்னது அந்த ஆள்தானா?”

“ஓம்.”

“மாப்புச் செஞ்சிட்டன் எண்டு சொல்லுங்க.”

நான் எழுந்தேன். திரைக்குப் பின்னாலிருந்து மறுபடி குரல் வந்தது.

“வண்டியப் பாத்து, ஒண்டுமில்லையெண்டு எழுதினது ஆரு?”

“நான்தான்,” என்றேன்.

பாய் விளிம்பு அசையவில்லை. முற்றத்தில் காயப்போட்டிருந்த சாயநூலை யாரோ திருப்பிப் போடும் ஓசை கேட்டது. பிறகு அவள் தன் ராத்தாவைக் கூப்பிட்டாள்.

“ராத்தா, வந்தவருக்குத் தண்ணி குடுத்து அனுப்புங்க.”

கொண்டுவந்தார்கள். நின்றபடியே குடித்தேன். கோப்பையைக் கதிரையில் வைத்துவிட்டு, பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தேன். மறுநாள் பின்வளவுக்குப் போய், அவள் மாப்புச் செய்துவிட்டாள் என்று அவரிடம் சொன்னேன். அதற்குப் பிறகு அவள் கேட்டதை நான் அவரிடம் சொல்லவில்லை.